வெள்ளெழுத்து

பெட்டியைத் துளைக்க வேண்டியதில்லை.
இடது தோளில் ஒரு துளை
செய்தபோதே விட்டிருக்கிறார்கள்.
ஆறு வருடமாய் ஓர் அலுமினிய மூடி
அதை அடைத்துக்கொண்டு
யாரோ வரப்போவதுபோல் இருந்தது.

"திரை சின்னதாக இருக்கிறது" என்றாள் ஹெர்டிஸ்.
பணத்தை மேசையில் வைத்தாள்.
வயது ஐம்பத்து மூன்று.
துறைமுகக் கடையில் விலைப்பட்டியலை
தள்ளித் தள்ளிப் பிடித்து
கடைசியில் "போன தடவை சாப்பிட்டதே" என்பவள்.
முகமூடிக்குள் மூக்குக்கண்ணாடி நிற்காது.
கையும் அதற்குமேல் நீளாது.

மார்ச். கொட்டகைக்கு வெளியே
ஃபியோர்ட் ஈயத் தகடாய்க் கிடந்தது.
மூடியைத் திருகினேன். அசையவில்லை.
உப்புப் பூத்து இறுகியிருந்தது.
வெந்நீர், துணி, மறுபடி வெந்நீர்,
பிறகு ஒரு கெட்ட வார்த்தை.
வந்தது.

ரப்பர் வளையத்துக்கு கிரீஸ்
மினுங்கும் அளவுக்குப் போதும்.
விளக்கடியில் சுற்றிப் பார்த்தேன்:
ஒரு முடி.
என் பூனையுடையது, சாம்பல் நிறம்.
அந்த முடியைப் பிடித்துக்கொண்டு
வட அட்லாண்டிக் முழுக்க உள்ளே இறங்கிவிடும்.
எடுத்து ஊதினேன். என் சட்டையிலேயே ஒட்டியது.

கேபிளை நுழைத்து, மறை இறுக்கி,
கேமராவின் தலைமேல்
கணுக்கணுவாய் மடங்கும் கையொன்றில்
ஏழங்குலத் திரையை நிறுத்தினேன்.
உப்புநீர்த் தொட்டியில் இறக்கியதும்
பாரம் தாங்காமல் குப்புறக் கவிழ்ந்தது.
மிதவை வெட்டிக் கட்டினேன்.
இப்போது மல்லாந்தது.
ஒரு விரல் குறைத்தேன்.
பிடியை விட்டேன்.
ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை,
யோசிப்பதுபோல் நின்றது.

கைப்பம்பால் உள்காற்றை உறிஞ்சினேன்.
பச்சை விளக்கு.
எங்கேயாவது கசிந்தால் சிவப்பாகும்.
இரவு மூன்று மணிக்கு எழுந்துபோய்ப் பார்த்தேன்.
பச்சை.
பார்க்கத் தேவையே இல்லை.
தூக்கம் வராததற்கு அது காரணமும் இல்லை.

போன இலையுதிர்காலம்
ஊர் மண்டபத்தில் அவள் படம் போட்டார்கள்.
ரோன்கால் மீன், ஆண்,
சிவந்த வயிற்றால் பாறையில் ஒட்டிக்கொண்டு
முட்டைகளுக்குத் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது.
இருந்தது என்று நாங்கள் ஊகித்தோம்.
மீன் ஒரு சிவப்பு மூட்டம்.
பின்னாலிருந்த பாறையோ
ஒவ்வொரு கொட்டலசும் எண்ணிவிடலாம்போல் துல்லியம்.
எல்லோரும் கைதட்டினோம்.
நான் கொஞ்சம் அதிகமாகவே தட்டினேன்.

காலை பத்து மணிக்கு
ஐவினும் அவளும் படகிலிருந்து சரிந்தார்கள்.
பதினான்கு மீட்டர், ஐந்து டிகிரி.
எனக்குத் தெரிந்தது குமிழிகள் மட்டும்:
இரண்டு கொத்து,
அதில் ஒன்று நகரவேயில்லை.
நாற்பது நிமிடம்.

ஏறியவள் உதடு நீலம்.
திரையை அணைக்கவில்லை.
பனித்துளி விழுந்து உருகும் கண்ணாடிக்குள்
மறுபடி ஓட்டிக் காட்டினாள்.
அதற்கு ஒரு கண் வெள்ளையாய்ப் பூத்திருந்தது.
வாலில் ஏதோ கடித்த வடு.
முட்டைகளுக்குள் இரண்டு இரண்டாய்க் கரும்புள்ளி.
அவையும் கண்கள்தான்.

"மூன்று வருடம்" என்றாள்.
"இதே மீனாகக்கூட இருக்கலாம்.
மூன்று வருடமாய் நான் பாறையைப் படமெடுத்திருக்கிறேன்."

ஐவின் சிலிண்டரைக் கழற்றுவதில் மும்முரமானான்.

"அன்று மண்டபத்தில்
நீ முதல் வரிசையில்தானே இருந்தாய்?"

நான் ஐந்து எம்.எம். ஆலன் கீயைத் தேடினேன்.
பெட்டியில் தேடினேன், பலகைக்கடியில் தேடினேன்.
அது என் கையிலேயே இருந்தது.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.
கடற்காக்கை ஒன்று முங்கி
வேறெங்கோ எழுந்தது.

"திரையை இன்னும் ஒரு விரல்
என் பக்கம் சாய்க்கணும்" என்றாள்.

சாய்த்தேன்.